டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தது

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு இரண்டு வாரமாகக் காலையில் வயிற்று வலி. சனி, ஞாயிறு மட்டும் வலி இல்லை. நடிக்கிறாள் என்று நினைத்து, திட்டித்தான் வேனில் ஏற்றினேன். அப்புறம் ஒரு நாள் டிபன் பாக்ஸைத் திறந்தால் எலுமிச்சை சாதம் வைத்தது வைத்தபடி இருந்தது, அப்பளம் நமத்துப்போய்.

அன்று ராத்திரி துணி மடிக்கும்போது அவளையும் கூட உட்கார வைத்துக்கொண்டேன். எதுவும் கேட்கவில்லை. நாலைந்து துணி மடித்த பிறகு அவளே சொன்னாள். "அவங்க நாலு பேரும் எங்கூட கா விட்டுட்டாங்கம்மா. நான் போய் உட்கார்ந்தா பேச்சை நிறுத்திடுறாங்க."

'போனால் போகட்டும், நீ படிக்கிற வேலையைப் பார்' என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். நமக்கு காயும் பழமும் விளையாட்டு, பதினோரு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சாப்பாட்டு வட்டம்தான் ஊர் உலகம். வலியும் பொய்யில்லை. மனம் பதறும்போது உடம்பில் சுரக்கும் ஹார்மோன்கள் குடலின் அசைவையே மாற்றிவிடும், பிள்ளைகளுக்கு அது நிஜமாகவே வலிக்கும்.

"மிஸ்கிட்ட நான் பேசட்டுமா, இல்ல நீ சொல்றதை மட்டும் கேட்டுக்கட்டுமா?" என்றேன். பேச வேண்டாம் என்றாள். சரி என்றேன். நாலு பேரிடமும் மல்லுக்கட்டாமல், வேனில் கூட வரும் ஒருத்தியிடம் மட்டும் பேசிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். அடுப்படியில் நான் அந்தப் பெண்ணாக நின்றேன், "இன்னைக்கு உங்கூட உட்காரட்டுமா?" என்று அவள் கேட்டுப் பழகினாள். முதல் இரண்டு தடவை குரலே எழும்பவில்லை.

ஆனால் அடிப்பது, காசு பிடுங்குவது, நிறத்தையோ சாதியையோ சொல்லி மட்டம் தட்டுவது, போட்டோ எடுத்துப் பரப்புவது என்று போனால் பிள்ளை வேண்டாம் என்றாலும் பள்ளியில் போய்ப் பேசியே ஆக வேண்டும். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். ஆபத்து என்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

இப்போது அந்த வேன் பெண்ணும் இவளும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். மற்ற மூன்று பேர் இன்னும் பழம் விடவில்லை. வயிற்று வலி எப்போதாவது வருகிறது. வந்தால் வெந்நீர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.