கிரேடு இல்லாமல் போன டிரான்ஸ்கிரிப்ட்

ஜூலை 17, வியாழக்கிழமை சாயங்காலம். கடையில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது, நான் சேரவிருந்த பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்திலிருந்து அந்த மெயில் வந்தது. ஸ்பிரிங் செமஸ்டர் கிரேடு ஒன்று வந்து சேரவில்லை, 31-ஆம் தேதிக்குள் வராவிட்டால் உங்கள் சேர்க்கை ரத்தாகலாம் என்று நாலே வரி. நான் மே மாதக் கடைசியிலேயே எல்லா டிரான்ஸ்கிரிப்டையும் (கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியல்) அனுப்பிவிட்டேன். பல்கலைக்கழகத்தின் போர்ட்டலில் ஒவ்வொரு கல்லூரிக்கும் எதிரே 'பெறப்பட்டது' என்று பச்சை டிக் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒன்றரை மாதம் நிம்மதியாகத் தூங்கினேன். கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (முதல் இரண்டு வருடப் பாடங்களைக் குறைந்த செலவில் படிக்கும் கல்லூரி) படித்துவிட்டு யூசிக்கு, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் ஒன்றுக்கு, மாற நினைக்கிற பிள்ளைகளும் பெற்றவர்களும் அந்தப் பச்சை டிக்கை நம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வினை தொடங்கியது கணக்குப் பாடத்தில். 2023 ஃபாலில் (ஆகஸ்டில் தொடங்கும் செமஸ்டர்) சேர்ந்தேன், எகனாமிக்ஸ் மேஜர். முதல் கவுன்சிலர் சந்திப்பு மொத்தமே அரை மணி நேரம், அதில் பாதி என் விவரங்களைக் கம்ப்யூட்டரில் தேடுவதிலேயே போனது. எகனாமிக்ஸ்தானே, பிசினஸ் கால்குலஸ் எடுத்தால் போதும் என்றார். எடுத்தேன். 4 யூனிட், யூனிட்டுக்கு 46 டாலர், ஆக 184 டாலர், புத்தகச் செலவு தனி. ஏ கிரேடும் வாங்கினேன். அடுத்த ஆகஸ்டில் யூசி அப்ளிகேஷன் திறந்ததும் அசிஸ்ட் தளத்தில் உட்கார்ந்து, என் கல்லூரி, வளாகம், மேஜர் மூன்றையும் போட்டுப் பார்த்தால், நான் ஆசைப்பட்ட இரண்டு வளாகங்களின் பட்டியலிலும் அந்தப் பாடத்தின் பெயரே இல்லை. அவர்களுக்கு வேண்டியது முழு கால்குலஸ், அதுவும் முதல் பாகம், இரண்டாம் பாகம் இரண்டுமே. பதறிப்போய் கவுன்சிலரைப் பார்க்கப் போனேன். அன்றைக்கு வேறொருவர் இருந்தார், அப்படி உனக்குச் சொன்னது யார் என்று கேட்டார். என் கையில் எழுத்தாக எதுவும் இல்லை, கேள்வி அதோடு முடிந்தது.

அசிஸ்ட் தளம் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது, எந்தக் கல்லூரிப் பாடம் எந்த வளாகத்தில் எதற்குச் சமம் என்பதற்கு அதுதான் அதிகாரபூர்வமான பட்டியல். முதல் செமஸ்டருக்குப் பெயர் கொடுக்கும் முன்பே அதைப் பாருங்கள், அந்த வருடத்துப் பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள். கவுன்சிலர் வாயால் சொன்னதை அன்றைக்கே ஒரு மெயிலாக எழுதி, 'நீங்கள் சொன்னது இதுதானே' என்று கேட்டு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் இதைச் செய்யத் தொடங்கியது இரண்டாம் வருடத்தில்தான்.

2024 ஃபாலில் முதல் பாகம் முடிந்தது. ஸ்பிரிங்கில் இரண்டாம் பாகத்துக்கு எங்கள் கல்லூரியில் இடமில்லை, வெயிட்லிஸ்டில் 14-ஆவது ஆள். அதனால் 25 மைல் தள்ளி இன்னொரு கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். இரண்டு பஸ் மாறிப் போய், ராத்திரி பத்தரைக்கு வீடு திரும்பி, வாரம் இரண்டு நாள். அந்த ஒரே ஒரு பாடத்துக்காக என் பெயர் இன்னொரு கல்லூரியின் பதிவேட்டில் ஏறியது, அதனால் ஒரு டிரான்ஸ்கிரிப்டும் கூடியது. ஒரு வகுப்பு படித்திருந்தாலும் அந்தக் கல்லூரியிலிருந்து தனியாக டிரான்ஸ்கிரிப்ட் போக வேண்டும், இதில் விலக்கே கிடையாது.

நடுவில் நடந்தவை பெரிய சிக்கல் இல்லாமல் போயின. 2024 செப்டம்பரில் டேக் (TAG) என்னும் உத்தரவாதச் சேர்க்கைக்கு விண்ணப்பம் போட்டேன். டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள்தான் இந்த உத்தரவாதச் சேர்க்கையைத் தருகின்றன, அதிலும் ஒன்றே ஒன்றுக்குத்தான் போடலாம், 1-இலிருந்து 30-ஆம் தேதிவரைதான் நேரம். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றிலும் அது கிடையாது. அப்புறம் நவம்பரில் அப்ளிகேஷன், ஜனவரி 31-க்குள் ஃபால் கிரேடுகளைச் சேர்க்கும் அகாடமிக் அப்டேட் (இதை மறந்து இடத்தைக் கோட்டைவிட்டவரை எனக்குத் தெரியும், காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள்), ஏப்ரலில் இடம் கிடைத்தது, ஜூன் 1-க்குள் சேருகிறேன் என்று உறுதி கொடுத்தேன்.

ஊரிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் ஒன்று. நான் மதுரையில் பி.காம் முதல் வருடம் முடித்துவிட்டு வந்தவள். அதை அப்ளிகேஷனில் காட்டாதே, வீண் தலைவலி என்று இரண்டு மூன்று பேர் அக்கறையாகத்தான் சொன்னார்கள். கேட்காதீர்கள். பள்ளிக்குப் பிறகு எந்த நாட்டில் எந்தக் கல்லூரியில் படித்திருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தது தெரிந்தால் கிடைத்த இடமும் போகும். வெளிநாட்டு மதிப்பெண்ணை யூசி ஜிபிஏ கணக்கில் சேர்ப்பதும் இல்லை, பிறகு எதற்குப் பயம்? அந்த மதுரை மதிப்பெண் பட்டியலை முத்திரை வைத்து ஒட்டிய உறையில் வாங்க என் சித்தப்பா மூன்று முறை நடந்தார். முதல் தடவை ஆள் இல்லை, இரண்டாம் தடவை சலான் வேறு கணக்கில் கட்டியிருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் தடவை வாங்கும்போது இரண்டு உறையாகக் கேட்டு வாங்கி, ஒன்றைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார். அவருக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று சொல்லி முடியாது.

சரி, அந்த மெயிலுக்கு வருகிறேன். மறுநாள் காலை லீவு சொல்லிவிட்டு இரண்டு பஸ் பிடித்து, கால்குலஸ் இரண்டாம் பாகம் படித்த அந்த இன்னொரு கல்லூரிக்குப் போனேன். அலுவலகக் கதவு பூட்டியிருந்தது. கோடையில் இங்கே பல கல்லூரிகள் வெள்ளிக்கிழமை திறப்பதில்லை. அது எனக்கு அங்கே போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு, வெயிலில் ஒரு மணி நேரம் திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

திங்கள்கிழமை எட்டரைக்கே வரிசையில் நின்றேன். ஜன்னலில் இருந்த பையன் திரையைப் பார்த்தபடியே, மே 29-ஆம் தேதி அனுப்பிவிட்டோம், எங்கள் வேலை முடிந்தது, பல்கலைக்கழகத்தைக் கேள் என்றான். அங்கே கேட்டுத்தான் இங்கே வந்திருக்கிறேன் என்று போனில் இருந்த மெயிலைக் காட்டினேன். மறுபடியும் அதையே சொன்னான். நான் நகரவில்லை. அனுப்பிய பிரதியைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்டேன், அதற்கு அவனுக்கு அனுமதி இல்லையாம். பின்னால் இருந்த ஒரு வயதான அம்மா எழுந்து வந்து, பிரதியைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பினார். பாடத்தின் பெயர் இருந்தது, 5 யூனிட் இருந்தது, கிரேடு கட்டத்தில் மட்டும் 'ஐபி' என்று இரண்டு எழுத்து. பாடம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். கிரேடு ஏறியது ஜூன் 6-ஆம் தேதி. நான் ஆர்டர் போட்டது மே 28.

ஆர்டர் போடும் பக்கத்தில் ஒரு சின்ன கட்டம் இருக்கிறது. 'உடனே அனுப்பு', 'கிரேடு ஏறிய பின் அனுப்பு' என்று இரண்டு தேர்வு. எனக்கு வந்த பக்கத்தில் முதலாவது தானாகவே தேர்வாகியிருந்தது, நான் கவனிக்காமல் பணத்தைக் கட்டிவிட்டேன். போர்ட்டலுக்கு ஒரு டிரான்ஸ்கிரிப்ட் வந்தால் போதும், டிக் விழுந்துவிடும், உள்ளே கிரேடு இருக்கிறதா என்று ஒரு மனிதர் திறந்து பார்க்கும்வரை அது பச்சையாகவே இருக்கும். அதனால் ஜூனில் கிரேடு ஏறியதும் உங்கள் பிரதி ஒன்றை இறக்கி வரிவரியாகப் பாருங்கள், அப்புறம் ஆர்டர் போடுங்கள். டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேர வேண்டிய ஜூலை 1 கெடுவுக்கு அப்போதும் நாள் இருக்கும். அதோடு, ஐகெட்சி (IGETC) சான்றிதழ், அதாவது பொதுப் பாடங்களை முடித்ததற்கான சான்று, டிரான்ஸ்கிரிப்டோடு தானாகப் போகாது, தனியாகக் கேட்க வேண்டும், இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதன் இடத்தில் கால்-கெட்சி (Cal-GETC).

அந்த அம்மா அங்கேயே எனக்குப் புது ஆர்டர் போட்டுக் கொடுத்தார், கட்டணம் வாங்கவில்லை. அன்று மதியம் சேர்க்கை அலுவலகத்துக்கு போன் போட்டு 50 நிமிடம் லைனில் காத்திருந்து, எலக்ட்ரானிக் பிரதி வந்திருக்கிறது, ஆனால் இன்னும் யாரும் திறக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். ஃபைலில் குறிப்பு எழுதச் சொல்லி, பேசியவர் பெயரையும் நேரத்தையும் எழுதி வைத்தேன். வியாழக்கிழமை, 24-ஆம் தேதி, மதியம் 2.10-க்கு போர்ட்டலில் 'இறுதி டிரான்ஸ்கிரிப்ட் சரிபார்க்கப்பட்டது' என்ற வரி வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து முதலில் சித்தப்பாவுக்குத்தான் அனுப்பினேன். மதுரையில் அப்போது நடுராத்திரி தாண்டியிருந்தது, ஆனாலும் உடனே கூப்பிட்டார்.