முற்றத்தில் ஊற்றுவது ஊருணிக்குத்தான் போகும்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் ஓட்டு மழை முற்றத்தில் இறங்கும். அங்கிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருணி என்கிற ஊர்க் குளத்துக்கும் ஓடும்படி வாட்டம் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். பல தெருக்களில் அந்த வாட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதே வழியில்தான் இப்போது ஆசிட்டும் பினாயிலும் சோப்பு நுரையும் போகின்றன. ஆகவே ஊருணியைக் காக்கிற வேலை வீட்டு வளவிலேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் தரை. இந்த வீட்டுத் தரைகளில் பதித்திருக்கும் ஆத்தங்குடி கல் சூளையில் சுட்டதில்லை. கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமென்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. ஆசிட் பட்டால் சிமென்ட் அரித்து, மேல்பரப்பு சொரசொரப்பாகும். சொரசொரப்பில் அழுக்கு இன்னும் பிடிக்கும், அதற்கு மறுபடி ஆசிட் ஊற்றுவார்கள். கல்லும் கெட்டு, ஊருணியும் கெடும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியே இதற்குப் போதும். பளபளப்பு வேண்டுமென்றால் எப்போதாவது துணியில் நாலைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடையுங்கள்.

அடுத்தது துணி துவைப்பது. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னொரு கை பவுடர் போடுவோம். மழைத்தண்ணீரில் பாதிப் பவுடரே தாராளம். 500 சதுர அடி ஓட்டில் 1 செ.மீ. மழை பெய்தால் விழுவது சுமார் 460 லிட்டர். ஓடு குடித்தது, தெறித்தது போக 350 லிட்டராவது கைக்கு வரும். ஆனால் மழை தொடங்கியவுடன் அண்டாவை வைத்துவிடக் கூடாது. புறா எச்சம், வேப்பஞ்சருகு, பாசி எல்லாம் முதல் தண்ணீரில்தான் வரும். இந்த அளவு ஓட்டுக்கு முதல் 50 லிட்டரைத் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டு, பிறகு நாலு மடிப்பு வேட்டித் துணியை வாயில் கட்டி அண்டாவை வையுங்கள். நாலைந்து நாள் வெயில் அடித்துவிட்டு மழை வந்தால், மறுபடியும் முதல் தண்ணீரைத் தள்ளத்தான் வேண்டும்.

பவுடரைக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில பவுடர்களில் இருக்கும் பாஸ்பேட் பாசிக்கு உரம். பாசி மண்டிய ஊருணியில் இராத்திரி முழுக்கப் பாசியே ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அது மூச்சுத் திணறல். அன்றைக்கே கவனிக்க வேண்டிய அறிகுறி அது.

துவைத்த தண்ணீரைத் தெருவில் விடாமல் கொல்லையில் 3 அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து இறக்கலாம். அடியில் கருங்கல், நடுவில் உடைசெங்கல், மேலே ஒரு சாண் மணல். சுற்றிக் கல்வாழையும் வாழையும் வையுங்கள், கீரை வேண்டாம். குடிநீர்க் கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். நம் பக்கம் செம்புராங்கல் பாறை மேலாகவே வந்துவிடும். அதனால் கல் நிரப்பும் முன் நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்; மறுநாளும் நின்றால் இடத்தை மாற்றுங்கள். இல்லாவிட்டால் கொசுதான் மிச்சம்.

இந்தக் குழியை அடைப்பது பெரும்பாலும் எண்ணெய். சீடை, முறுக்கு சுட்ட சட்டியை அப்படியே தேய்த்துக் கழுவினால் பிசுக்கு மணலில் படிந்து, தண்ணீர் மேலே தேங்கும். சட்டி ஆறியதும் பழைய பேப்பராலோ சாம்பலாலோ துடைத்துவிட்டுக் கழுவுங்கள். அப்படியும் அடைத்தால் மேல் மணலை மட்டும் அள்ளிப் புது மணல் போட்டால் போதும். பித்தளைக்குப் புளியும் சாம்பலும் இருக்க, பாலிஷ் திரவம் எதற்கு?

பிளாஸ்டிக் பைக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. இருந்தும் ஊருணிக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை அடைப்பது அதுதான். புரட்டாசி முடிவதற்குள் தெருக்காரர்கள் சேர்ந்து வரத்துக்காலைச் சுத்தம் செய்துவிட வேண்டும், ஐப்பசி மழையில் இறங்கி அள்ள முடியாது. முதல் பெருமழை அன்று ஊருணிக்குள் தண்ணீர் விழும் வாயில் போய் நில்லுங்கள். கலங்கிய செந்தண்ணீர் வந்தால் கவலையில்லை, அது மண். வெள்ளை நுரை வந்தால் வரத்துக்காலோடு மேலே நடந்து, எந்த வீட்டுக் குழாயில் நுரை ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். அந்த வீட்டு ஆச்சியிடம் குழி எடுக்கிற விவரத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள்.