718

மார்ச் 3, திங்கள்

சைக்கிள் சீட் மறுபடி இறங்கிவிட்டது. பெடல் கைகள் சுழலும் நடு அச்சிலிருந்து சீட்டின் மேல்தளம் வரை, சீட் குழாயை ஒட்டியே டேப் பிடித்து அளந்தால் காலையில் 718 மி.மீ. 22 கி.மீ. ஓடி முடித்ததும் 709. முட்டிக்கு முன்பக்கம் வலிப்பது சும்மா இல்லை. சீட் தாழத் தாழ ஒவ்வொரு மிதிக்கும் முட்டி கூடுதலாக மடங்குகிறது, பாரமெல்லாம் முட்டிச்சில்லில் போய் விழுகிறது.

23-ஆம் தேதி காலை கிளம்ப வேண்டும். அதற்குள் இது நின்றாக வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

"இன்னும் கொஞ்சம் முறுக்கு." எல்லாரும் சொல்வது இதுதான். முறுக்கப்போவதில்லை. சீட்டைத் தாங்கும் கம்பிதான் போஸ்ட், அதைக் குழாயின் வாயில் இறுக்கிப் பிடிப்பது கிளாம்ப். கிளாம்ப் போல்ட் எம்5 (5 மி.மீ. பருமன்), முறுக்கின் உச்ச அளவு 6 நியூட்டன் மீட்டர் என்று கிளாம்பிலேயே பொறித்திருக்கிறது. அதைத் தாண்டினால் முதலில் அலுமினியக் கிளாம்பின் மரை போகும், அடுத்து குழாயின் வாய் நசுங்கும். வாய் நசுங்கிய ஃப்ரேமுக்குப் பிறகு எந்தப் போஸ்டும் சரியாகப் பொருந்தாது.

இறங்குவது போஸ்ட்தானா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். சீட் கம்பிகளைப் பிடிக்கும் மேல் கிளாம்ப் நழுவி சீட்டின் மூக்கு தாழ்ந்தாலும், உட்காருகிறவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். போஸ்டில், கீழ்க் கிளாம்புக்குச் சரியாக 10 மி.மீ. மேலே இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று. கிளாம்பை ஒட்டிச் சுற்றக் கூடாது. போஸ்ட் இறங்கும்போது டேப்பும் மேலே ஒதுங்கி அளவைக் கெடுத்துவிடும்.

மார்ச் 5, புதன்

10 இருந்தது 6 ஆகிவிட்டது. போஸ்ட்தான்.

மார்ச் 6, வியாழன்

உருவிப் பார்த்தாயிற்று. கறுத்த கிரீஸ், அதில் மண். கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் நெடுக்காகக் கீறல்கள், நகம் வைத்தால் தட்டுப்படுகின்றன. ஆனால் சுற்றிலும் இல்லை. குழாயின் பின்பக்கப் பிளவு விளிம்புகள் படும் இடத்தில் இரண்டு கோடு, நேர் எதிரே முன்பக்கம் ஒரு பட்டை, அவ்வளவுதான். இரு பக்கவாட்டிலும் போஸ்ட் புதிதுபோலப் பளபளக்கிறது. இது ஏன் என்று புரியவில்லை, குறித்து வைக்கிறேன்.

போஸ்டையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தாயிற்று. குழாய்க்குள் குச்சியில் துணி சுற்றி, துணி அழுக்கில்லாமல் வரும்வரை. ஏழு துண்டு ஆனது. பிளவின் உள்விளிம்பில் இருந்த பிசிறை 400 எண் உப்புத்தாளால் எடுத்தேன். போஸ்ட் மீது உப்புத்தாள் போடவே கூடாது. சொரசொரப்பாக்கினால் பிடிக்கும் என்பார்கள். தேய்க்கத் தேய்க்க விட்டம்தான் குறையும்.

எண்ணெய்ப் பசை இல்லாமல் வெறுமையாகச் சொருகுவதும் தப்பு. ஃப்ரேம் ஸ்டீல், போஸ்ட் அலுமினியம். இடையில் ஈரம் போனால் அரித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் உருவ வராது. அதனால் கார்பன் பேஸ்ட். பெயர்தான் கார்பன், அலுமினியத்துக்கும் நன்றாக வேலை செய்கிறது. அதிலுள்ள நுண்மணிகள் பிடிப்பைக் கூட்டுகின்றன, பசை ஈரத்தைத் தடுக்கிறது. குழாய்க்குள் போகும் பாகத்தில் மட்டும் மெல்லிய பூச்சு.

மார்ச் 7, வெள்ளி

இன்று 2 மி.மீ.தான் இறங்கியது. முன்னேற்றம். ஆனால் இரண்டு நாளில் நாலு, நாலு நாளில் எட்டு. கணக்கு அதேதான்.

மார்ச் 8, சனி

மழை. ஓட்டவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

போல்டைத் தனியாகக் கழற்றிக் கையால் திருப்பிப் பார்த்தேன். நரநரவென்று கடிக்கிறது. மரை வறண்டு துருவேறிக் கிடக்கிறது. இப்படிப்பட்ட போல்டில் டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து காட்டும் ரெஞ்ச்) 6 காட்டினாலும் அந்த விசையில் பெரும்பங்கு மரையின் உராய்விலேயே தீர்ந்துவிடும். உத்தேசக் கணக்கு: நல்ல மரையில் 6 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் எம்5 போல்ட் சுமார் 6,000 நியூட்டன் விசையோடு இழுக்கும், ஏறக்குறைய 600 கிலோ பாரம். வறண்ட மரையில் அது 4,000-க்கு இறங்கிவிடலாம். ரெஞ்சில் எண் ஒன்றுதான், பிடி மூன்றில் இரண்டு பங்கு.

மரையிலும் போல்ட் தலைக்கு அடியிலும் துளி கிரீஸ். போஸ்டில் தொடக் கூடாத கிரீஸ் இங்கே அவசியம்.

கிளாம்பையும் திருப்பிப் போட்டேன். கிளாம்பின் பிளவும் குழாயின் பிளவும் ஒரே பக்கம் இருந்தன. இப்போது கிளாம்பின் வாய் முன்பக்கம், குழாயின் பிளவு பின்பக்கம்.

மார்ச் 10, திங்கள்

10-இல் 9. ஒரே ஒரு மில்லிமீட்டர். தூங்கவிடாமல் செய்ய அது போதும்.

மார்ச் 11, செவ்வாய்

பக்கவாட்டுப் பளபளப்பு! அன்றே வெர்னியர் அளவுகோலை எடுத்திருக்க வேண்டும்.

போல்ட் நுழையும் கிளாம்பின் இரு காதுகளும் இணையாக இல்லை. போல்டுக்கு வெளிப்புறம் கிட்டத்தட்ட ஒட்டிவிட்டன, உள்பக்கம் இடைவெளி இருக்கிறது. உள்ளே இருப்பது மெலிந்த போஸ்ட் என்பதற்கு இது அடையாளம். அளந்தேன். போஸ்ட் 26.95. குழாயின் உள்விட்டம், குறுக்கே இரு திசையிலும் 27.25. போஸ்டின் அடியில் அழுக்கைத் துடைத்தால் 27.0 என்று பொறிப்பு. இந்தப் பருமன்கள் 0.2 மி.மீ. படியில் போகின்றன: 26.8, 27.0, 27.2. இந்த ஃப்ரேமுக்கு வேண்டியது 27.2.

0.3 மி.மீ. வித்தியாசம் அற்பமாகத் தெரியும். சுற்றளவில் அது 0.3 × 3.14, கிட்டத்தட்ட 1 மி.மீ. பிளவு அந்த அளவு மூடிய பிறகுதான் குழாய் போஸ்டைத் தழுவவே தொடங்கும். அப்படி மூடும்போது குழாயின் வளைவு கெட்டு, பிளவின் இரு விளிம்பும் எதிர்ப்பக்கமும் மட்டுமே தொடும். மூன்று கோட்டில் பிடித்தால் எப்படி நிற்கும்? போல்டும் பேஸ்டும் இத்தனை நாள் பொருந்தாத ஒன்றைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கின்றன.

27.2 போஸ்டுக்குச் சொல்லியாயிற்று. 350 மி.மீ. நீளம்.

மார்ச் 12, புதன்

வரும்வரை தகடு. காலியான பானக் கேனின் பக்கச் சுவர், வெர்னியரில் 0.10. ஒரு சுற்று சுற்றினால் இருபக்கமும் சேர்த்து விட்டத்தில் 0.2 கூடும். 26.95 + 0.2 = 27.15. இரண்டு சுற்று நுழையாது.

நீளம் 84 மி.மீ. போஸ்டின் சுற்றளவை விடச் சற்றுக் குறைவு, முனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. உயரம் 45. வெளி மையையும் உள்பூச்சையும் உப்புத்தாளால் எடுத்துவிட வேண்டும், இரண்டும் வழுக்கும். மேல் ஓரத்தில் 3 மி.மீ. ஆழத்துக்குச் சிறு வெட்டுகள் போட்டு வெளியே மடித்தால் தகடு குழாய்க்குள் விழாது. தகட்டின் வாயும் குழாயின் பிளவும் ஒரே நேரில் வர வேண்டும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது, பிளேடு மாதிரி வெட்டும். இருபக்கமும் பேஸ்ட்.

மார்ச் 13, வியாழன்

10.

மார்ச் 14, வெள்ளி

10. முட்டியும் பேசவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

9.5. கண்ணின் தவறோ? மூன்று முறை அளந்தாயிற்று. 9.5-தான். தகட்டின் மடிப்பு ஒன்று கிளாம்பின் விளிம்பில் கிழிந்திருக்கிறது. போஸ்ட் எங்கே?

மார்ச் 17, திங்கள்

வந்துவிட்டது. முதல் வேலை வெர்னியர்: 27.18. தகடு இல்லாமல் குழாய் வாயில் வைத்தால், பழையதைப்போலத் தொப்பென்று விழவில்லை. ஆட்டமே இல்லாமல், உள்ளங்கை அழுத்திய அளவுக்கு மட்டும் மெல்ல மெல்ல இறங்கியது. இதற்காகத்தான் இத்தனை நாள்.

குறைந்தபட்சச் செருகல் கோடு குழாய்க்குள் மறைந்திருக்கிறது. அது மட்டும் போதாது. போஸ்டின் அடிமுனை மேல்குழாய் வந்து சேரும் இடத்தையும் தாண்டிக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஃப்ரேம் அங்கே விரிசல் விடும். 30 மி.மீ. தாண்டியிருக்கிறது.

பேஸ்ட், பிறகு 4 நியூட்டன் மீட்டரில் நிறுத்தி சீட்டின் மூக்கைப் பிடித்துத் திருகினேன். லேசாக அசைந்தது. 5-இல் அசையவில்லை. அங்கேயே நிறுத்திவிட்டேன். 6 என்பது போக வேண்டிய இடமல்ல, தாண்டக் கூடாத எல்லை. கிளாம்பின் காதுகள் இணையாக நிற்கின்றன.

மார்ச் 18, செவ்வாய்

10.

மார்ச் 19, புதன்

41 கி.மீ. கரடான பாதை. 10. ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு "டிக்". நின்று மிதித்தால் வருவதில்லை, உட்கார்ந்தால் வருகிறது. போஸ்டா, மேல் கிளாம்பா?

மார்ச் 20, வியாழன்

மேல் கிளாம்ப். சீட் கம்பி உட்காரும் பள்ளத்தில் மண். துடைத்து மறுபடி முறுக்கியதும் சத்தம் போயிற்று.

மார்ச் 21, வெள்ளி

718.

மார்ச் 22, சனி

718. இரவு படுக்குமுன் ஒரு முறை அளந்தாயிற்று. காலையில் கிளம்புமுன் இன்னொரு முறை.