ஹைட்ராய்ட்ஸ் லார்வா: தசை அடங்கியது, சிலியா அடங்கவில்லை

ஹைட்ராய்ட்ஸ் எலிகன்ஸ் என்பது குழாய் கட்டி வாழும் கடற்புழு. அதன் லார்வாவில், அதாவது நீந்தித் திரியும் இளம்பருவத்தில், நரம்பைப் பார்க்க முயன்றேன். நான்கு தொகுதி வீணாகி, ஐந்தாவதில்தான் லார்வா சுருங்காமல் நின்றது. குறை புழுவிலும் இல்லை, கடல்நீரிலும் இல்லை. லார்வாவைத் தளர்த்தப் போடும் மெக்னீசியம் குளோரைடு உப்பின் பொட்டலத்தில் இருந்தது.

மலேசியாவில் போர்ட் டிக்சன் பக்கம் படகுக் கயிற்றிலிருந்து ஹைட்ராய்ட்ஸ் எலிகன்ஸ் எடுப்பதையும், குழாயை உடைத்தால் முட்டையும் விந்தும் தானே வெளியேறுவதையும் விளக்கத் தேவையில்லை. ஒன்றே ஒன்று: பந்திங் வெயிலில் அறைச்சூட்டை நம்ப வேண்டாம். மீன் விற்கும் வெள்ளைப் பெட்டி, ஐஸ் போத்தல், 25 டிகிரி. அந்தச் சூட்டில் ஐந்தாம் நாள் லார்வா மூன்று கணுவோடு ஒட்டிக்கொள்ளத் தயாராகிவிடும்.

நரம்பைப் பார்க்க லார்வா தளர்ந்து கிடக்க வேண்டும். தளராததை அப்படியே கவர்கிளாஸ் (நுண்ணோக்கியில் பார்க்க மேலே வைக்கும் மெல்லிய கண்ணாடி) போட்டு மூடினால் உடல் உருண்டு, பக்கத்து முட்கள் விசிறிபோல் விரிந்துவிடும். உள்ளே ஒன்றும் தெரியாது. வழக்கமான கணக்கு, 100 மி.லி. காய்ச்சி வடித்த நீருக்கு 7.5 கிராம் மெக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட், பிறகு கடல்நீரோடு சரிபாதி. இந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். செம்பனைத் தோட்டத்து ஈரக்காற்றில் ஒரு வாரம் திறந்து கிடந்த பொட்டலம் பிசுபிசுத்துப் போகும். அதில் 7.5 கிராம் நிறுத்தால் பாதி எடை காற்றிலிருந்து இழுத்த தண்ணீராகக்கூட இருக்கலாம். கரைசல் நீர்த்துப்போய், லார்வா அரைகுறையாகத் தளர்ந்து, தொட்டதும் சுருங்கும். முதல் நான்கு தொகுதியிலும் நடந்தது இதுதான்.

வழி எளிது. 500 கிராம் பொட்டலத்தைப் பிரித்த அன்றே முழுவதையும் கரைத்து 1 லிட்டராக்கி, மூடி இறுகிய போத்தலில் வைத்துவிட வேண்டும். வேண்டும்போது அதில் 15 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்கினால் அதே 7.5 கிராம். இனி ஈரம் எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை. குளியல் உப்பு என்று விற்பதை வாங்குபவர்கள் வாசனை சேர்க்காததையே பாருங்கள். எப்சம் உப்பு வேறு. அது சல்ஃபேட், இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

ஊற்றும் விதமும் முக்கியம். ஒரே மூச்சில் ஊற்றினால் சுருங்கிய நிலையிலேயே மயங்கிவிடும். 5 மி.லி. கடல்நீரில் உள்ள லார்வாவுக்கு 5 மி.லி. கரைசலைச் சொட்டுச் சொட்டாகப் பத்து நிமிடத்தில் விட வேண்டும். கவர்கிளாஸுக்கு அடியில் இரண்டு ஓரத்திலும் செலோடேப் இரண்டடுக்கு. ஓரடுக்கு போட்டால் நசுங்கிவிடும்.

இப்படித் தளர்ந்த பிறகும் அது சும்மா கிடப்பதில்லை, சுற்றுகிறது. தலையைச் சுற்றியுள்ள சிலியா வளையம், அதாவது நீந்த உதவும் நுண்மயிர் வளையம், ஓயாமல் அடிக்கிறது. மருந்தில்லாத லார்வாவைக் கவனித்தால், நீந்தும்போது அந்த வளையம் மொத்தமும் சட்டென்று நிற்கும், பிறகு மறுபடி அடிக்கும். மெக்னீசியத்தில் அந்த நிறுத்தம் காணாமல் போய்விட்டது. நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைந்தால்தான் செய்தி அடுத்த செல்லுக்குத் தாவும். மெக்னீசியம் அந்த வாசலை அடைக்கிறது. அடிப்பது சிலியா செல்லின் சொந்த வேலை, நிறுத்துவதுதான் நரம்பின் வேலை என்று எனக்குப் படுகிறது. சாயம் எதுவும் போடாமலே கண்முன் தெரிந்த நரம்பு வேலை இது. ஐந்து தொகுதிக்குப் பட்ட பாட்டுக்கு இதுவே போதும்.

சாயம் இன்னும் கைகூடவில்லை. உயிருள்ள நரம்பு மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தை ஏற்கும் என்று ஜெர்மன் ஆய்வாளர் பால் எர்லிக் 1886இல் காட்டியதை நம்பி, கிள்ளானில் அலங்கார மீன் கடையில் வாங்கினேன். பச்சைச் சாயமும் சேர்ந்த கலவையாக விற்பதுண்டு. லேபிளைப் படித்து வாங்குங்கள். 1 விழுக்காட்டுக் கரைசலில் ஒரு துளி, 10 மி.லி. கடல்நீருக்கு. முதலில் குடல் நீலமாகிறது. பிறகு உடலின் ஓரத்தில் ஆங்காங்கே புள்ளிகள். கவர்கிளாஸுக்கு அடியில் ஆக்சிஜன் குறைந்ததும் நிறம் வெளுக்கிறது; கண்ணாடியைத் தூக்கிக் காற்றுப்படச் செய்தால் நீலம் திரும்புகிறது. அதனால் மூடாமல் கால் மணி நேரம் வைத்து, பார்க்கும்போது மட்டும் மூடுவதே சரி. இருந்தும் வயிற்றுப்பக்கத்து நரம்பு வடம் கோடாகத் தெரியவில்லை. புள்ளிகள் சுரப்பியாகவும் இருக்கலாம். நரம்பு என்று எழுத மாட்டேன். ஆய்வகங்களில் இதற்கு, நரம்பிழையிலும் சிலியாவிலும் உள்ள அசிட்டைலேட்டட் டியூபுலின் என்ற புரதத்தில் ஒட்டும் எதிர்ப்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு ஒளிர்வு (ஃபுளோரசன்ஸ்) நுண்ணோக்கியும் வேண்டும்.

அதற்கு முன் கண்ணைப் பார்த்துவிட எண்ணம். பிளாட்டினெரைஸ் டியூமெரிலி என்ற புழுவின் லார்வாக் கண்ணில் இரண்டே செல்கள்: ஒளி உணர்வது ஒன்று, நிறமிச் செல் ஒன்று. ஒளி உணரும் செல் நேரே சிலியா செல்லோடு இணைவதைக் காஸ்பர் யேகெலி குழு 2008இல் காட்டியது. ஹைட்ராய்ட்ஸில் எனக்கு முதலில் தெரிவது ஒற்றைச் சிவப்புப் புள்ளி, மற்றது பின்னால் வருகிறது. ஒற்றைக் கண் இருக்கும் நாளில் வெளிச்சத்தை நோக்கித் திரும்புகிறதா என்று பக்கவாட்டில் விளக்கு வைத்துப் பார்க்க, 5 செ.மீ. கண்ணாடித் தொட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். சிலிகான் பசையின் புளிப்பு வாடை போக இன்னும் இரண்டு நாள் தண்ணீரில் ஊற வேண்டும்.