பதுவைக்குப் போகும் வழியில்

ஜூன் 11, புதன் இரவு, லூவன், பெல்ஜியம்

பை கட்டி முடித்தாயிற்று. இரண்டு ஜோடி உடுப்பு, குடை, பாஸ்போர்ட், அம்மா உவரியிலிருந்து அனுப்பிய வெள்ளைக் கைக்குட்டை. நாளை மறுநாள் 13, கோடி அற்புதர் அந்தோணியாரின் திருநாள். 1231இல் அவர் இத்தாலியின் பதுவை அருகே கண்மூடிய நாள். அவருடைய கல்லறைக் கல்லில் இந்தக் கைக்குட்டையை ஒற்றி எடுக்க வேண்டும் என்பது அம்மாவின் நேர்ச்சை. அம்மாவின் முழங்கால் இனி அவ்வளவு தூரம் விடாது. அதனால் நான் போகிறேன்.

போகும்போதும் விமானம் என்றால் விலை கட்டுப்படியாகவில்லை. ரயிலில் மியூனிக், அங்கிருந்து இரவு பஸ், திரும்பும்போது மட்டும் விமானம். வெள்ளி காலை 5 மணிக்குப் பதுவை. ஊர்வலம் மாலையில்தான், நேரம் தாராளமாக இருக்கிறது.

ஜூன் 12, வியாழன், மதியம் 2:40, கொலோன்

லியேஜ் வரை சரியாக வந்தது. ஆகன் தாண்டியதும் சிக்னல் கோளாறு, 40 நிமிடம் நின்றோம். மியூனிக் ரயிலைப் பிடிக்க எனக்கிருந்தது 28 நிமிடம். அது போய்விட்டது.

டிக்கெட் வீணாகவில்லை. குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் மலிவு டிக்கெட்தான். ஆனால் 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேருவோம் என்று தெரிந்துவிட்டால் ஜெர்மனியில் அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும், வேறு ரயிலில் ஏறலாம். இந்த வழியாக வருகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ரயிலும் தாமதம். பலகையில் முதலில் 10 நிமிடம் என்று போட்டார்கள். பிறகு 20. பிறகு 35. இப்போது 60. எனக்குத் தாங்காதது இதுதான். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் நாலு எட்டில் கதீட்ரல். 157 மீட்டர் கோபுரம் முன்வாசல் கண்ணாடி வழியாகத் தெரிகிறது. முதலிலேயே ஒரு மணி நேரம் என்று சொல்லியிருந்தால் உள்ளே போய் முழந்தாளிட்டுவிட்டு வந்திருப்பேன். பத்துப் பத்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போனால் பையைப் பிடித்துக்கொண்டு நடைமேடையிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண். பால் புட்டிக்கு வெந்நீர் வாங்கப் போகலாமா வேண்டாமா என்று பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை நான் வாங்கிக்கொண்டேன், அவள் ஓடிப் போய் வாங்கி வந்தாள்.

ஜூன் 12, இரவு 11:50, மியூனிக் பஸ் நிலையம்

பஸ் போய்விட்டது. 9:15 பஸ், நான் இங்கே வந்தது 9:40. வூர்ஸ்பர்க்குக்கு முன்னால் வயல்வெளியில் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். தண்டவாளத்தில் ஆள் இருப்பதாக அறிவிப்பு வந்தது. யாரோ, என்ன நிலையிலோ. அந்த ஆளுக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்பதால் ஐரோப்பிய விதிப்படி ரயில் கட்டணத்தில் பாதி திரும்பக் கிடைக்கும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் கால்வாசி. ஆனால் பஸ் டிக்கெட் தனியாக வாங்கியது. ரயில் தாமதத்தால் பஸ்ஸை விட்டால் பஸ்காரரும் பொறுப்பில்லை, ரயில்காரரும் பொறுப்பில்லை. இந்த இடைவெளியில் விழுகிறவர்களைப் பற்றி யாராவது கவலைப்பட வேண்டும். காலை 6:40 பஸ்ஸுக்குப் புதிதாகப் பணம் கட்டினேன்.

பெஞ்சில் பக்கத்தில் ஒரு குரோஷியாப் பாட்டி. ஸ்ப்ளிட் போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். இருவருக்கும் பொது மொழி இல்லை. என் கையிலிருந்த ஜெபமாலையைப் பார்த்து, "பதோவா?" என்றார். தலையாட்டினேன். "ஸ்வேதி ஆன்தே!" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். அவர்கள் ஊரில் நம் அந்தோணியாருக்கு அதுதான் பெயர். ரொட்டியைப் பிய்த்து, அவித்த முட்டையோடு கையில் திணித்தார். அவர் பஸ்ஸும் ஒன்றே கால் மணி நேரம் தாமதம். ஏறும்போது என் உள்ளங்கையில் ஒரு இரண்டு யூரோ நாணயத்தை வைத்து, விரல்களை மூடி, மெழுகுவர்த்தி பிடிப்பதுபோல் சாடை காட்டினார்.

ஜூன் 13, வெள்ளி, பகல் 11:30, பிரென்னர் கணவாய், ஆஸ்திரியா-இத்தாலி எல்லை

இன்ஸ்ப்ரூக் தாண்டியதும் ஒரே நெரிசல். கணவாய்க்குச் சற்று முன்னால் லூக் பாலம் என்று ஒன்று, 1960களில் கட்டியது. பாலம் நலிந்துவிட்டதால் 2025 ஜனவரியிலிருந்து பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு ஒரு தடம்தான். ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் நடுவே ஓடும் லாரிகள் எத்தனையோ இந்த வழிதான்.

எங்கள் ஓட்டுநரை வாழ்த்த வேண்டும். வண்டி நின்ற உடனேயே மைக்கில் சொன்னார்: "இரண்டு மணி நேரமாவது ஆகும். கணவாயில் நான் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும், அது சட்டம். பதுவைக்கு நாலரை, ஐந்து மணி ஆகும்." பஸ்ஸில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. சிலர் போனை எடுத்து வீட்டுக்குச் சொன்னார்கள், சிலர் தூங்கினார்கள். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு என்ற விதி ஐரோப்பா முழுக்க உண்டு. அந்த ஓய்வைத்தான் இப்போது எடுக்கிறார், படியில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றபடி. அவர் எழுந்து வரும்வரை நான் அவசரப்பட மாட்டேன்.

ஜூன் 13, இரவு, பதுவை

4:50க்கு இறங்கினேன். பஸ் நிலையத்திலிருந்து பசிலிக்காவுக்குப் பையோடு வேகநடை. ஒரு திருப்பத்தில் ஊர்வலம் எதிரே வந்துவிட்டது. தோள்களில் அந்தோணியார் சுரூபம், வழியெல்லாம் வெள்ளை லீலி. உவரியில் சப்பரம் வரும்போது அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றேன்.

கல்லறை வரிசை மெதுவாக நகர்ந்தது. பின்பக்கம் பச்சைப் பளிங்குக் கல். சுற்றிலும் ஜனங்கள் கொண்டுவந்த போட்டோக்கள்: பிறந்த குழந்தைகள், ஆஸ்பத்திரிக் கட்டில்கள், நசுங்கிய கார்கள். எத்தனை உள்ளங்கை பட்டிருக்குமோ, கல் அவ்வளவு வழவழப்பு. ஜில்லென்று இருந்தது. கைக்குட்டையை நாலாக மடித்து ஒற்றி எடுத்தேன். பிறகு வெறும் கையையும் வைத்தேன். அம்மாவுக்கென்று எதுவும் கேட்க வாய் வரவில்லை, பேரை மட்டும் சொன்னேன்.

ஜூன் 15, ஞாயிறு, மாலை 6:20, வெனிஸ் விமான நிலையம்

இடிமழை. பிரசெல்ஸ் விமானம் இரண்டரை மணி நேரம் தாமதம். வானிலைக்கு நஷ்டஈடு இல்லை. ஆனால் இவ்வளவு தூரப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் தாண்டினால் சாப்பாடும் தண்ணீரும் தர வேண்டும். கவுண்டரில் போய்க் கேட்டேன், கொடுத்தார்கள்.

அம்மாவுக்கு வீடியோ போட்டுக் கைக்குட்டையைக் காட்டினேன். "கல்லு எப்படி இருந்துச்சு மக்களே?" என்று கேட்டாள். ஜில்லென்று இருந்தது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த ரொட்டி குடுத்த பாட்டிக்கு மெழுகுவர்த்தி வச்சியா?"

வைத்தேன் அம்மா. உனக்கு வைத்ததற்குப் பக்கத்திலேயே.