வாஸ்ப்-18: ஐப்பசி நாட்குறிப்பு

18 அக்டோபர் 2025

ஐப்பசி பிறந்துவிட்டது. பாளையங்கோட்டை மாடியில் தொலைநோக்கியைப் பிரித்து வைக்க இனி தோதான இரவுகள் குறைவு. அடைமழைக் காலத்துக்கு என்று எடுத்து வைத்த வேலை இது: டெஸ் விண்வெளித் தொலைநோக்கி பதிவு செய்த வாஸ்ப்-18 விண்மீனின் தரவை முதலிலிருந்து அலசுவது. அதன் கோள் வாஸ்ப்-18 பி 2009ல் அறிவிக்கப்பட்டது. வியாழனைப் போல் சுமார் பத்து மடங்கு நிறை. ஒரு சுற்றுக்கு 22 மணி 36 நிமிடம்தான்.

விண்மீன் இருக்கும் இடம் நமக்கு வசதியானது. இந்த வாரம் நள்ளிரவில் நேர் தெற்கே பார்த்தால், வள்ளியூர்ப் பக்கத்து அடிவானத்துக்கு மேல் 24 பாகையில் பளிச்சென்று தெரிவது அகெர்னார். கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் சுமார் 10 பாகை மறையும். அகெர்னாருக்கு நேர் மேலே ஒரு முட்டிக்குச் சற்று அதிகமான தூரத்தில் வாஸ்ப்-18 இருக்கிறது. ஒளித்தரம் 9.3 என்பதால் வெறும் கண்ணுக்குத் தெரியாது.

நெல்லையிலிருந்து அது ஏறும் அதிகபட்ச உயரம் 35 பாகைதான். அந்த உயரத்தில் ஒளி வரும் காற்றின் தடிமன் தலைக்கு நேர் மேலே இருப்பதைப் போல் 1.7 மடங்கு. கோள் குறுக்கே வரும்போது குறையும் ஒளியோ 1 சதவீதம். ஈரக்காற்று மெல்லிய மேகமாகக் கடந்தாலே அதைவிட அதிகம் குறைந்துவிடும். டெஸ்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. தொல்லைகள் வேறு.

19 அக்டோபர்

டெஸ் வானத்தைப் பகுதி பகுதியாகப் பார்க்கிறது, ஒரு பகுதியின் பதிவு ஒரு செக்டார். செக்டார் 2, செக்டார் 3 இரண்டும் 2018ல் எடுத்தவை. 2 நிமிடத்துக்கு ஒரு புள்ளி. செக்டாருக்கு 27 நாள் என்று வைத்தால் 19,000 புள்ளிக்கு மேல் வரவேண்டும், வருவதில்லை. விண்கலம் 13.7 நாளுக்கு ஒரு சுற்று வருகிறது. பூமிக்கு அருகில் வரும்போது தரவை இறக்க வேண்டியிருப்பதால் செக்டாரின் நடுவில் ஏறக்குறைய ஒரு நாள் இடைவெளி விழும். செக்டார் 3ன் இரு முனையிலும் நிலைப்படுத்தல் சோதனைகள் நடந்ததால் அங்கே பயன்படும் நாள் இன்னும் குறைவு. கோள் விண்மீனுக்குக் குறுக்கே போவதுதான் கடப்பு. இரண்டும் சேர்த்து நாற்பது கடப்புக்கு மேல் தேறும்.

கோப்பைத் திறந்ததும் ஒளி அளவுக்கு இரண்டு நெடுவரிசை: எஸ்ஏபி, பிடிசிஎஸ்ஏபி. முன்னது பிக்சல்களைக் கூட்டிய எண். பின்னது, அதே சிசிடியில், அதாவது ஒளியைப் பதியும் சில்லில், உள்ள மற்ற விண்மீன்களிலும் பொதுவாகத் தெரியும் ஏற்ற இறக்கத்தைக் கழித்தது. வேலைக்கு எடுப்பது பின்னது. ஆனால் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து பார்க்காமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது. கழித்தது என்ன என்று அங்கேதான் தெரியும்.

23 அக்டோபர்

இன்று குறிக் கொடிகள், அதாவது ஒவ்வொரு புள்ளியின் தரத்தையும் சொல்லும் குவாலிட்டி எண்கள். ஆரம்பகால செக்டார்களில் சுமார் இரண்டரை நாளுக்கு ஒருமுறை, விண்கலத்தின் திசையைப் பிடித்து வைக்கும் ரியாக்ஷன் வீல்களின் சுழல் வேகத்தைத் தணிப்பார்கள். அந்தச் சில நிமிடம் விண்கலம் ஆடும், விண்மீன் பிக்சலின் விளிம்பை மிதிக்கும், ஒளி சட்டென்று குறைந்ததுபோல் தெரியும். கோள் போட்ட பள்ளம் என்று ஏமாறும் இடங்களில் இது முதலாவது. பள்ளம் தெரிந்தால் முதலில் அந்த நேரத்தின் கொடியைப் பார்க்க வேண்டும்.

இந்தத் தரவை அலசப் பயன்படும் லைட்கர்வ் நிரலில் கொடி வடிகட்டிக்கு 'டிஃபால்ட்', 'ஹார்ட்', 'ஹார்டஸ்ட்' என்று தரங்கள் உண்டு. கடைசியைப் போட்டால் சுத்தம் என்று நினைப்பார்கள். அது நல்ல புள்ளியையும் சேர்த்து வாரிவிடும். 'டிஃபால்ட்' போதும்.

விலகிய புள்ளிகளை நீக்கும் கட்டளையிலும் கவனம் வேண்டும். மேலும் கீழும் 3 சிக்மா (திட்டவிலக்கத்தைப் போல் 3 மடங்கு) என்று வெட்டினால், கீழே வெட்டுப்படுவது கடப்பின் அடிப்பகுதி. மேல் எல்லை 3, கீழ் எல்லை 20 என்று தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.

27 அக்டோபர்

இன்றைய பாடம் பெரியது. ஒளி வளைவில், அதாவது நேரத்துக்கு எதிரே ஒளியை வரைந்த கோட்டில், மெதுவாக ஏறி இறங்கும் போக்கைச் சமன் செய்ய 'பிளாட்டன்' என்ற கட்டளை உண்டு. ஒரு தடவைக்கு எத்தனை புள்ளியைச் சேர்த்துப் பார்ப்பது என்ற விண்டோ நீளம் கொடுக்காவிட்டால் அது 101 புள்ளி எடுத்துக்கொள்ளும். 2 நிமிடத் தரவில் அது 202 நிமிடம், 3 மணி 22 நிமிடம். நம் கடப்பின் நீளம் 2.2 மணி, 66 புள்ளி. 101ல் 66 புள்ளி பள்ளத்துக்குள் இருந்தால், பள்ளத்தையே போக்கு என்று எடுத்துக்கொண்டு நிரவிவிடும்.

அதன் அடையாளம் படத்தில் கண்ணுக்கே தெரியும். கடப்பின் இரு பக்கமும் ஒளி 1.000க்கு மேல் எழும்பி நிற்கும். பாளையங்கால்வாயைத் தூர் வாரும்போது இரு கரையிலும் மண் மேடாக ஏறுவதுபோல. அந்த மேட்டைக் கண்டால் பள்ளத்திலிருந்து எடுத்ததுதான் அங்கே கிடக்கிறது என்று அறியலாம். சுற்றுக்காலம் மட்டும் சரியாகவே கிடைக்கும், அதனால்தான் பலர் தவறைப் பார்ப்பதில்லை. கோளின் ஆரம் பள்ளத்தின் ஆழத்துக்கு வர்க்கமூலமாகப் போகிறது. ஆழம் பாதியானால் ஆரம் 0.71 மடங்காகச் சுருங்கும். வியாழனைவிடப் பெரிய கோள் அதைவிடச் சிறியதாகிவிடும்.

மாற்று: விண்டோ 401, அதாவது 13 மணி 22 நிமிடம். ஒற்றைப்படை எண்ணாகவே இருக்க வேண்டும். அதோடு கடப்புப் புள்ளிகளுக்கு மாஸ்க் போட்டுவிட்டால், போக்கைக் கணக்கிடும்போது அவற்றைத் தொடாது. மேடு மறைந்துவிடும்.

1 நவம்பர்

கடப்புக்கு 401 சரி. கோளின் பகல் பக்கத்து ஒளியைத் தேடும்போது அதுவும் சரியில்லை.

கோள் விண்மீனுக்குப் பின்னால் போகும்போது டெஸ் தரவில் குறைவது சுமார் 0.034 சதவீதம். அது தவிர, பத்து வியாழன் நிறையுள்ள கோள் விண்மீனையே சற்று நீள்வட்டமாக இழுத்து வைத்திருக்கிறது. ஒரு சுற்றில் இரண்டு முறை அதன் அகன்ற பக்கம் நமக்குத் தெரியும், ஒளி சுமார் 0.02 சதவீதம் ஏறி இறங்கும். நம் கடலில் ஓதம் எழுவதுபோல் ஒரு விண்மீனின் உடலே எழுகிறது, அதைப் பாளையங்கோட்டையில் ஒரு மடிக்கணினித் திரையில் காண முடிகிறது. எத்தனை தடவை வரைந்தாலும் சலிக்காத வளைவு இது.

அந்த ஏற்ற இறக்கத்தின் காலம் 11.3 மணி. 13.4 மணி விண்டோ அதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஆகவே இங்கே 'பிளாட்டன்' கூடாது. வீல் வேகம் தணிக்கும் நேரங்களை எல்லையாக வைத்துத் தரவைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் தாழ்படிப் பல்லுறுப்புக்கோவை ஒன்றைக் கோளின் வளைவோடு சேர்த்தே பொருத்த வேண்டும். தனியாகப் பொருத்திக் கழித்தால் அதுவும் விழுங்கும்.

8 நவம்பர்

எவ்வளவு விழுங்குகிறது என்பதை அளக்க ஒரு வழிதான் உண்டு. கடப்புகளை நீக்கிய மூலத் தரவில் நாமே ஒரு பொய்ப் பள்ளம் வைப்பது. ஒளி அளவை 0.99966ஆல் பெருக்க வேண்டும், கழிக்கக் கூடாது. அந்தப் பள்ளம் திரும்ப வரும் காலம் 1.37 நாள் போல, கோளின் சுற்றுக்காலமான 0.94 நாளுக்கு மடங்காக வராத எண்ணாக இருக்கட்டும். பிறகு சுத்திகரிப்பின் எல்லாப் படிகளையும் அதே வரிசையில் ஓட்டி, காலத்தில் மடித்து, அதாவது எல்லாச் சுற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆழத்தை அளக்க வேண்டும். வைத்தது 0.034, வந்தது 0.02 என்றால் உமியோடு அரிசியும் போகிறது.

ஒரு புள்ளியின் இரைச்சல் அந்தப் பள்ளத்தைவிடப் பெரிது, அதனால் ஒற்றைச் சுற்றில் எதுவும் தெரியாது. நாற்பது சுற்றை மடித்தால் பள்ளத்துக்குள் 2,640 புள்ளி சேரும், இரைச்சல் 51ல் ஒரு பங்காகும். புள்ளிகளின் இரைச்சல் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதது என்றால்தான் இந்தக் கணக்கு. அரை மணி, ஒரு மணி என்று கூட்டிப் பார்த்து வர்க்கமூலப்படி இறங்குகிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும்.

12 நவம்பர்

2020ன் செக்டார் 29, 30 சேர்த்தாயிற்று. விண்மீன் வேறு பிக்சல்களில் விழுந்திருப்பதால் ஒவ்வொரு செக்டாரையும் அதன் இடைநிலை மதிப்பால் வகுத்த பிறகே ஒட்ட வேண்டும்.

மடிப்பில் கடப்பு இரட்டையாகத் தெரிந்தால் கோளின் மேல் பழி போட வேண்டாம். சுற்றுக்காலத்தை 0.9415 நாள் என்று நான்கு இலக்கத்தில் நிறுத்தியிருப்பார்கள். 0.9414526 என்று எழுத வேண்டும். வித்தியாசம் சுற்றுக்கு 4.1 விநாடி. 2018க்கும் 2020க்கும் நடுவில் 776 சுற்று, 53 நிமிடம் தள்ளிப்போகும்.

நேரக் கணக்கும் இத்துடன். கோப்பில் 1354.5 என்றிருந்தால் 24,57,000 கூட்ட வேண்டும். வருவது ஜூலியன் நாள் எண், வானியலில் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் கணக்கு. இங்கே அது 24 ஆகஸ்ட் 2018 நள்ளிரவு. ஆனால் அது டிடிபி நேரம், உலகப் பொது நேரத்துக்கு 69 விநாடி முன்னே ஓடும் வானியல் நேரம். 69 விநாடி கழித்து, ஐந்தரை மணி கூட்டினால் நம் கடிகாரத்தில் காலை 5 மணி 28 நிமிடம் 51 விநாடி. அதுவும் சூரியக் குடும்பத்தின் நிறை மையத்தில் நிற்பவருக்கு. பூமிக்கு மாற்றும்போது இந்த விண்மீனுக்கு அதிகபட்சம் சுமார் 5 நிமிடம் முன்பின் ஆகலாம்.

மழை விட்டபின் மாடியிலிருந்து பார்க்க ஒரு கணக்கு: 17 சுற்றுக்கு 16 நாளும் 7 நிமிடமும். இன்றிரவு வசதியான நேரத்தில் கடப்பு இருந்தால், பதினாறாம் நாள் ஏறக்குறைய அதே நேரத்தில் இன்னொன்று வரும். டிசம்பர் 18 வாக்கில் விண்மீன் இரவு 8 மணிக்கே உச்சிக்கு வந்துவிடும்.