மே மாதத்தில் சாகும் மாடுகள்

அயர்லாந்தின் கிளேர், கெரி பக்கம் கிராமத்தில் வீடு பார்த்துப் போகிறவர்களுக்கு முதல் பாடம்: வயல் நடுவே ஒற்றையாய் நிற்கும் முள்மரத்தில் கை வைக்காதீர்கள். வட்டமான மண்கரை மேடுகளும் அப்படித்தான். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய குடியிருப்புகள் அவை. நாடு முழுக்கச் சுமார் 45,000 உண்டு. ஊரார் அவற்றை ஃபேரிகளின், அதாவது கண்ணுக்குத் தெரியாத மாயமனிதர்களின், கோட்டை என்பார்கள்; முள்மரமும் அவர்களுடையதுதான். பதிவான மேடுகளைச் சட்டமும் பாதுகாக்கிறது.

மேட்டை இடித்தவனின் மாடுகள் சாகும் என்பது பழைய பேச்சு. இதை வெறும் கதை என்று தள்ள முடியாது. மாடுகளைக் கொல்லும் சப்பை நோய்க் கிருமியின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். மண்ணைக் கிளறினால் மேலே வரும். 6 மாதம் முதல் 2 வயது வரையுள்ள கன்றுகளில் கொழுத்தவையே முதலில் விழும். தொடையை அமுக்கினால் தோலுக்கடியில் காற்று நெறுநெறுக்கும், அறுத்தால் தசை கறுத்திருக்கும். தடுப்பூசி 4 முதல் 6 வார இடைவெளியில் இரண்டு தவணை, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. மேய்ச்சலுக்கு விடுமுன் போட்டு முடிக்க வேண்டும்.

நல்லாயிருந்த கறவை மாடு திடீரென்று விழுந்தால் ஃபேரி அம்பு பட்டது என்பார்கள். நாட்டு வைத்தியர் தன் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை வைத்து மாட்டை மூன்று முறை அளப்பார். அளவு மாறினால் அம்புதான். உழவில் கிடைத்த கற்கால அம்புமுனையைத் தண்ணீரில் போட்டு அந்தத் தண்ணீரைப் புகட்டுவார்கள். உண்மையில் பல சாவுகளுக்குக் காரணம் வசந்தப் புல். வேகமாக வளரும் இளம்புல்லில் மக்னீசியம் குறைவு, உடம்பிலும் எடுத்துக்கொள்ளச் சேமிப்பு கிடையாது. குளிரும் மழையும் சேர்ந்த நாளில் மாடு தள்ளாடி, வலிப்பு கண்டு, காலால் தரையை உதைத்தே செத்துக் கிடக்கும். ஒரு மாட்டுக்குத் தினம் 60 கிராம் சுட்ட மேக்னசைட் (மக்னீசியம் உள்ள தாதுப்பொடி) கொடுப்பது வழக்கம். சுவை பிடிக்காமல் மாடு ஒதுக்கும் என்பதால் தீவனத்தில் கலப்பார்கள்.

மே 1 அன்று பக்கத்து வீட்டு முதியவரிடம் பாலோ நெருப்போ கேட்காதீர்கள். கொடுத்தால் வீட்டு வெண்ணெயே போய்விடும் என்ற பயம் இன்னும் சிலரிடம் உண்டு. வைக்கோலில் யாரோ ஒளித்த முட்டை கிடைத்தால் அது பிஷோக், அதாவது செய்வினை. முட்டை அழுக அழுக மந்தையும் நலியும் என்பது நம்பிக்கை. வெறுங்கையால் தொடாமல் மண்வெட்டியில் எடுத்து எரிப்பார்கள்.

செத்த மாட்டை வயலில் புதைக்கக் கூடாது. செத்த மாடுகளை ஏற்றிச் செல்ல உரிமம் பெற்ற வண்டியை அழைக்க வேண்டும். மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த ரத்தம் வந்தால் மனிதருக்கும் தொற்றும் ஆந்த்ராக்ஸாக (அடைப்பான் நோய்) இருக்கலாம். யாரையும் அறுக்க விடாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மற்றபடி, காரணம் புரியாத சாவென்றால் உடலை லிமெரிக், கார்க், அத்லோன் போன்ற ஊர்களிலுள்ள வட்டார ஆய்வகத்துக்கு அன்றே அனுப்புவது நல்லது. அழுகிவிட்டால் பரிசோதனையில் ஒன்றும் தேறாது.